மாட்டுப் பண்ணையும் விமானத் தளமும்

ஆஸ்திரேலியாவின் உட்பிரதேசங்களிலுள்ள மாட்டுப் பண்ணைகளின் விஸ்தீரணம், ஏக்கரிலும் செண்டிலும் நிலத்தைக் கணக்கிடுவோருக்கு எளிதில் மனத்தில் பதிவதன்று. தென் ஆஸ்திரேலிய மாகாணத்து அன்னா க்ரீக் என்னும் பண்ணை ஒரு காலத்தில் சுமார் 9,000 சதுர மைல், அதாவது 57 லக்ஷம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்புடையதாயிருந்தது. இத்தகைய பிரதேசங்களில் அண்டைப் பண்ணை வீடு ஐம்பது அறுபது மைலுக்கு அப்பால் இருப்பதுண்டு. வைத்தியசாலையோ அதனினும் பன்மடங்கு தூரத்தில் இருக்கும். மழை பெய்துவிட்டால் மண் சாலைகள் வாரக்கணக்கில் உபயோகத்திற்கு ஆகா. ஆகவே பண்ணை வீட்டிற்குச் சமீபத்தில், புதர்களை அகற்றி மேடுபள்ளங்களைத் திருத்தி, நேராகவும் நீளமாகவும் அமைத்த ஒரு மண் தரை காணப்படும். அதுவே பண்ணைக்குச் சொந்தமான விமானத் தளம்.

இது செல்வர்களின் ஆடம்பரம் என்று கருதுவோர் உளர். இக்கருத்து எவ்வளவு பிழையானது என்பதை 1917-ஆம் ஆண்டில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பிரதேசத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவமே விளக்கும். ஜிம்மி டார்ஸி என்னும் மாடு மேய்க்கும் இளைஞர் குதிரையினின்றும் வீழ்ந்து கொடுங்காயமுற்றார். அவரை வண்டியில் ஏற்றி ஹால்ஸ் க்ரீக் என்ற ஊருக்குக் கொண்டுவந்தபோது அங்கே வைத்தியர் எவரும் இலர். தூரத்துப் பெர்த் நகரிலிருந்து வைத்தியர் தந்தி மூலம் சொல்லச் சொல்ல, தபால் அதிகாரி பேனாக்கத்தியைக் கொண்டே ரணசிகிச்சை செய்தார். வைத்தியர் கப்பலிலும் மோட்டாரிலும் பல நாள் பிரயாணம் செய்து வந்து சேர்ந்ததற்கு முதல் நாளே டார்ஸி இறந்துபோனார். திறமை குறைந்ததனால் அன்று, தூரம் மிகுந்ததனாலேயே அவ்வுயிர் போயிற்று.

அத்தூரத்தைக் குறைக்க வழி கண்டவர் பாதிரியார் ஜான் ஃபிளின். உட்பிரதேச மக்களுக்கு விமானத்தின் மூலம் வைத்தியம் அளிக்கக்கூடும் என்று அவருக்கு 1917-இல் கடிதம் எழுதியவர், விமானப் படையிலிருந்த கிளிஃபோர்ட் பீல் என்னும் இளைஞர். அவர் அடுத்த ஆண்டே பிரான்ஸ் தேசத்துப் போர்முனையில் மாண்டார். அவருடைய யோசனை மாளவில்லை. 1928-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் தேதி, குவீன்ஸ்லாந்து மாகாணத்துக் கிளான்கரி நகரிலிருந்து டாக்டர் வெல்ச் ஏறிச் சென்ற சிறு விமானம் ஜூலியா க்ரீக் என்ற ஊரில் இறங்கிற்று. பறக்கும் வைத்தியர் சேவையின் முதற் பிரயாணம் அதுவே. 1929 முதல் ஆல்ஃபிரட் டிரேகர் அமைத்த, காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் கம்பியில்லாத் தந்திக் கருவி பண்ணைகளுக்கு வந்தது. அழைப்பதற்குக் கருவியும், வருவதற்கு விமானமும், இறங்குவதற்குத் தளமும் ஆகிய மூன்றும் ஒன்றுகூடிய பின்னரே அச்சேவை பயன் அளித்தது. முதலிரண்டையும் பிறர் அளித்தனர். மூன்றாவதைத் தன் நிலத்தில் அமைத்துக் காப்பது பண்ணைக்காரரின் பொறுப்பாயிற்று.

வைத்தியம் ஒன்றே இத்தளத்தின் பயன் அன்று. தபாலும், இயந்திர உறுப்புகளும், மருந்தும் இதன் வழியே வருகின்றன. கால்நடைகள் நீர் அருந்தும் தொட்டிகளும் ஆழ்கிணறுகளும் பழுதின்றி உள்ளனவா என்பதைத் தரைவழிச் சென்று பார்ப்பதற்குப் பல நாள் ஆகும். சிறு விமானத்தில் ஒரு காலைப்பொழுது போதும். வறட்சியில் ஒரு தொட்டி வற்றியதை இரண்டு நாள் முன்னதாக அறிதல் ஒரு மந்தையையே காத்தலாகும்.

எனினும், விமானத் தளம் எல்லாவற்றிற்கும் மருந்தென்று எண்ணுவதும் தவறே. கிம்பர்லி பிரதேசத்துக் கிளென்ராய் பண்ணையில் 1949-ஆம் ஆண்டு ஒரு புதுமுறை தொடங்கப்பட்டது. மாடுகளைத் துறைமுகத்திற்கு வாரக்கணக்கில் நடத்திச் செல்லுங்கால் அவை மெலிந்து எடை குறைந்தன. ஆதலின் பண்ணையிலேயே அவற்றை அறுத்து, இறைச்சியை விமானத்தில் விண்டம் துறைமுகத்திற்கு அனுப்பினர். நல்ல யோசனைதான், ஆயினும் சாலைகள் திருந்தி, பெரிய லாரிகள் ஓடத் தொடங்கிய பின்னர் 1960-ஆம் ஆண்டுகளில் அம்முறை நின்றுபோயிற்று. பாரமான சரக்கிற்குச் சாலையே சிக்கனமானது. சாலை மூழ்கிய நாளுக்கும், நாழிகைகளே உயிரை நிர்ணயிக்கும் வேளைக்கும் உரியது விமானத் தளம். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுத்தல் விவேகமாகாது.

இதன் உண்மையை 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்து வெள்ளம் உணர்த்திற்று. முதல் வைத்திய விமானம் பறந்த அதே கிளான்கரி, ஜூலியா க்ரீக் பிரதேசங்களில் பல ஆண்டு வறட்சிக்குப் பின் பெருமழை கொட்டி, சுமார் 5 லக்ஷம் கால்நடைகள் மடிந்தனவென்று மதிப்பிடப்பட்டது. சாலைகள் யாவும் அறுபட்ட நிலையில், எஞ்சிய மாடுகளுக்குத் தீனி ஆகாய மார்க்கமாகவே போய்ச் சேர்ந்தது. தளத்தைத் தாழ்ந்த சமவெளியில் அமைக்காது, நீர் வடியும் மேட்டு நிலத்தில் அமைக்கவேண்டுவது எத்துணை அவசியம் என்பதும் இதனால் விளங்கும்.

இனி, முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. விமானத் தளத்தை அமைப்பது எளிது. அதனை நாள்தோறும் தகுதியுடையதாய் வைத்திருப்பதே அரிது. வைத்திய விமானம் இறங்கச் சுமார் 3,500 முதல் 4,000 அடி நீளமுள்ள திடமான தரை வேண்டும். ஒரு மழைக்குப் பின் ஓடை அறுத்த சிறு பள்ளமும், கறையான் எழுப்பிய புற்றும் சக்கரத்தை ஒடித்துவிடும். மாடுகளும் கங்காருக்களும் புகாதபடி வேலி வேண்டும். காற்றின் திசை காட்டும் துணிக்குழல் கிழியாதிருத்தல் வேண்டும். இராக்காலத்தில் இருமருங்கும் ஏற்றுதற்குரிய விளக்குகள் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். விமானம் வருமுன் மோட்டார் வண்டியை அத்தரையின்மீது வேகமாக ஓட்டிப் பார்த்தல் நல்ல வழக்கம். இவற்றுள் எதுவும் பெருஞ்செலவுடையதன்று. ஆயினும் ஆபத்து இல்லாத நாளில் செய்யப்படாதது ஆபத்து வந்த நாளில் செய்யவும் இயலாது. வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்ற பழமொழி இதற்கும் பொருந்தும்.

செலவை யார் ஏற்பது என்னும் கேள்வியும் எழுகின்றது. தளம் தனியார் நிலத்தில் உள்ளமையால் தனியாரே செலவிடுக என்பர் ஒரு சாரார். ஆனால், அங்கே இறங்கும் வைத்தியர் பண்ணைக்காரரை மட்டும் காண வருவதில்லை. கூலியாட்களும், அயல் பண்ணையாரும், ஆதிக்குடிகளும், வழிப்போக்கரும் அவர் கவனத்திற்கு உரியவரே. பயன் பொதுவாயின், செலவிலும் ஒரு பங்கு பொதுவாதலே நியாயம். ஆஸ்திரேலிய அரசாங்கம் தூரப் பிரதேசத் தளங்களைச் செப்பனிடப் பொருளுதவி அளித்து வருவது இக்கொள்கைக்கு இணங்கியதே. அவ்வுதவி பெறும் பண்ணைக்காரரோ, தளத்தை அவசர காலங்களில் யாவருக்கும் திறந்து வைக்கவும், குறித்த காலந்தோறும் பரிசோதித்து அதன் நிலையை எழுதி வைக்கவும் கடமைப்பட்டவராவர். உதவி அளிப்போர் புதிய தளங்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதினும், இருக்கும் தளங்களின் பராமரிப்பை முதன்மையாகக் கொள்ளுதல் நலம்.

ஆண்டில் பெரும்பாலான நாட்கள் அத்தளம் வெறும் மண் தரையாகவே கிடக்கும். அதைக் கண்டு வீண் நிலம் என்பவர், ஏரியின் கலிங்கையும் கோடையில் வீண் என்றே சொல்வர். விமானம் வரவேண்டிய அந்த ஓரிரவில் தரை திடமாகவும் விளக்குகள் ஆயத்தமாகவும் இருக்குமாயின், அதுவரை செய்த உழைப்பனைத்திற்கும் அதுவே போதிய பலனாகும்.