கன்னிப் பெண்ணின் வயிற்றில் கட்டி: கலங்க வேண்டாம்!

வயது வந்த பெண்ணுக்குச் சினைப்பையில் கட்டி என்றால் பெற்றவர்கள் இடிந்து போகிறார்கள். "இனி இவளுக்குக் கல்யாணம் ஏது, குழந்தை ஏது?" என்று தாய் அழுகிறாள்.

அழ வேண்டியதில்லை!

இளம் பெண்களுக்கு வரும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவை. புற்று நோய்க் கட்டி அபூர்வம். அதுவும் வயதான பெண்களுக்கு வருவது போன்றதல்ல. முட்டை உண்டாக்கும் அணுக்களில் இருந்து கிளம்புவதே அதிகம். வேகமாக வளரும், ஆனால் மருந்துக்கு அடங்கும்.

வீண் பழி வேண்டாம்

வயிறு பெருக்கும், வலி விடாது. கட்டி முறுக்கிக் கொண்டால் திடீரென்று கடும் வலியும் வாந்தியும் வரும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சில கட்டிகள், கர்ப்பிணிகளின் உடம்பில் சுரக்கும் எச்.சி.ஜி. என்ற பொருளைச் சுரக்கும். அப்போது கர்ப்பப் பரிசோதனை "ஆம்" என்று காட்டிவிடும்! ஒன்றும் அறியாத பெண் மீது பழி போடக் கூடாது. ஸ்கேன் எடுத்தால் உண்மை தெரிந்துவிடும்.

ஆபரேஷன் எப்படி?

கட்டி ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அந்தச் சினைப்பையை மட்டும் எடுப்பார்கள். மற்றதையும் கர்ப்பப்பையையும் காப்பாற்றுவார்கள். பின்னாளில் அவள் தாயாகலாம்.

மருந்து தேவையா?

1978-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 'சிஸ்பிளாட்டின்' மருந்து பல உயிர்களைக் காத்தது. ஆனால் அது காது கேட்கும் சக்தியைக் குறைக்கலாம், சிறுநீரகத்தையும் கெடுக்கலாம்.

ஆகவே, நோய் பரவாமல் சினைப்பைக்குள்ளேயே இருந்த 25 சிறுமிகளுக்கு ஆபரேஷன் மட்டும் செய்து, மருந்து கொடுக்காமல் கண்காணித்தார்கள். 2014-ல் முடிவு வெளியாயிற்று.

12 பேருக்கு நோய் மீண்டும் தலைகாட்டியது. மருந்து கொடுத்ததில் 11 பேர் பிழைத்தனர். ஒருவர் இறந்தார். மற்ற 13 பேருக்கு மருந்தே தேவைப்படவில்லை.

இதன் பொருள் என்ன? பாதிப் பேர் மருந்தின் தொல்லையில் இருந்து தப்பினார்கள். மறு பாதியைக் காத்தது கண்காணிப்பு! ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் தவறாமல் நடந்ததால்தான் நோயை உடனே பிடிக்க முடிந்தது.

வேலை, பரீட்சை, பஸ் செலவு என்று தவணையைத் தள்ளிப்போடும் குடும்பத்துக்கு இந்த வழி ஆபத்து. தவறாமல் வர முடியுமா என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். எந்த வழி என்பதை அதன் பிறகே முடிவு செய்ய வேண்டும்.