காய்கறி விமர்சனம்

கால்பந்துக்கு இந்தப் பக்கங்களில் என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். விமர்சனம் என்கிற காரியம் எப்படிக் கெட்டுப்போகிறது என்று கிட்டத்தில் பார்க்க விரும்புகிறவனுக்குக் கால்பந்து மைதானத்தைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் அபிப்பிராயம். இலக்கியத்தில் ஒரு தவறான தீர்ப்பு அம்பலமாக முப்பது வருஷம் பிடிக்கிறது. கால்பந்தில் தொண்ணூறு நிமிஷம் போதும். அம்பலமான பிறகும், தீர்ப்புச் சொன்னவன் கொஞ்சமும் கூச்சமில்லாமல் அடுத்த தீர்ப்பைச் சொல்லக் கிளம்பிவிடுகிறான் என்பதுதான் விசேஷம்.

1966 உலகக் கோப்பையில் வட கொரியாவிடம் 0-1 என்று தோற்றுத் திரும்பிய இத்தாலிய அணியை ஜெனோவா விமான நிலையத்தில் ரசிகர்கள் தக்காளி வீசி வரவேற்றார்கள். கேவலமான தோல்வி, கோபம் நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு வருஷம் கழித்து, ஃபெர்ருச்சியோ வால்கரெஜ்ஜியின் பயிற்சியில், இத்தாலி ஐரோப்பியச் சாம்பியன் ஆயிற்று. 1970இல் மெக்ஸிகோவில் அவர் அணியை இறுதி ஆட்டம்வரை கொண்டுபோனார்; பெலேயின் பிரேஸிலிடம் 1-4 என்று தோற்றார். உலகத்தில் இரண்டாவது இடம். ரோமில் இறங்கியபோது காத்திருந்தது மறுபடியும் கோபக் கூட்டம். ஜியானி ரிவேராவைக் கடைசி ஆறு நிமிஷத்துக்கு மட்டும் ஏன் இறக்கினாய் என்பது குற்றச்சாட்டு. முதல் சுற்றோடு மூட்டை கட்டியதற்கும் உலகத்தில் இரண்டாவதாக வந்ததற்கும் ஏறக்குறைய ஒரே தண்டனை. அளவே இல்லாத தண்டனையைத் தீர்ப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ரசிகனை விடுங்கள், அவன் உணர்ச்சிவசப்பட்டவன் என்பார்கள். சரி, எழுதத் தெரிந்தவர்களைப் பார்ப்போம்.

1982, ஸ்பெயின். இத்தாலியின் பயிற்சியாளர் என்ஸோ பேயார்ஸோட். சூதாட்ட விவகாரத்தில் இரண்டு வருஷம் தடைசெய்யப்பட்டு, ஏப்ரல் கடைசியில்தான் தடை நீங்கியிருந்த பாவ்லோ ரோஸியை அணியில் சேர்த்தார். அந்த வருஷம் இத்தாலிய லீகில் எல்லாரையும்விட அதிகமாக கோல் போட்டிருந்த ராபர்ட்டோ ப்ரூஸ்ஸோவை வீட்டிலேயே விட்டுவிட்டார். முதல் சுற்றில் போலந்தோடு 0-0, பெருவோடு 1-1, காமெரூனோடு 1-1. காமெரூனுக்கும் மூன்று டிராதான். இத்தாலி ஒரு கோல் கூடுதலாகப் போட்டிருந்ததால் பிழைத்தது. ரோஸி ஒன்றுகூடப் போடவில்லை. பத்திரிகைகள் ஆட்டத்தைத் திட்டியதோடு நிற்கவில்லை. ஆட்டக்காரர்களின் போனஸ் பணம், அவர்களுடைய அந்தரங்கம் எல்லாம் செய்தியாயிற்று. இனிப் பத்திரிகைக்காரர்களோடு பேசுவதில்லை என்று அணி தீர்மானித்தது. பேச ஒருவரை மட்டும் நியமித்தார்கள்: கேப்டன் டினோ ஸோஃப், சாதாரண நாட்களிலேயே வாய் திறக்காதவர். அந்தத் தேர்வில் இருக்கும் கிண்டல் எனக்கு மிகவும் பிடித்தமானது.

அப்புறம் அர்ஜென்டினாவை 2-1, பிரேஸிலை 3-2, போலந்தை 2-0. பிரேஸிலுக்கு எதிராக மூன்றும், போலந்துக்கு எதிராக இரண்டும் ரோஸி போட்டவை. ஜூலை 11, மாட்ரிட், இறுதி ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியை 3-1. திரும்பும் விமானத்தில் ஜனாதிபதி சாந்த்ரோ பெர்தீனி, பேயார்ஸோட்டோடும் ஸோஃபோடும் சீட்டாடிய புகைப்படம் இன்றும் இத்தாலியில் பிரசித்தம். ஜூன் மாதத்துப் பிடிவாதம் ஜூலையில் தீர்க்கதரிசனம் ஆகிவிட்டது. நாலு வருஷம் கழித்து, தன் பழைய ஆட்களை விடாமல் மெக்ஸிகோவுக்குக் கூட்டிப்போய் பிரான்ஸிடம் 0-2 என்று தோற்றார். அதே விசுவாசம், இப்போது மறுபடியும் பிடிவாதம். ராஜினாமா செய்துவிட்டுப் போனார். இத்தனையிலும் மாறாமல் இருந்தது பேயார்ஸோட் ஒருவர்தான். அவருக்கு ஒட்டப்பட்ட அடைமொழிதான் மாறிக்கொண்டே வந்தது.

அந்த பிரேஸில் ஆட்டத்தின் மறுபக்கத்தில் இருந்தவர் தெலே சந்தானா. ஜிக்கோவும் சாக்ரட்டீஸும் ஃபால்காவோவும் ஆடிய அந்த அணி இன்றைக்கும் கொண்டாடப்படுகிறது. அவர்களுக்கு ஒரு டிரா போதும். 2-2 என்றிருந்தபோது, 74ஆவது நிமிஷத்தில் ரோஸி மூன்றாவது கோலைப் போட்டார். கடைசி நேரத்தில் பிரேஸிலின் ஆஸ்கர் தலையால் முட்டிய பந்தை நாற்பது வயது ஸோஃப் கோல் கோட்டின் மேலேயே அமுக்கிப் பிடித்தார். பந்து அரையடி தள்ளிப் போயிருந்தால் சந்தானா மேதை, பேயார்ஸோட் மூடன். போகவில்லை. சந்தானா ‘குளிர்ந்த பாதக்காரர்’ ஆனார், அதாவது நம் பாஷையில் ராசியில்லாதவர். 1986இல் பிரான்ஸிடம் பெனால்டி உதைகளில் தோற்றதும் அது ஊர்ஜிதமாயிற்று. 1992லும் 1993லும் ஸாவ் பாவ்லோ கிளப்பை, முதலில் தென்னமெரிக்காவின் லிபெர்தடோரஸ் கோப்பையையும், பிறகு இன்டர்கான்டினென்டல் கோப்பையையும் வெல்ல வைத்தார். உடனே ராசி திரும்பிவிட்டது, ஆசான் ஆகிவிட்டார். ஒரு பயிற்சியாளரின் முறையைப் பற்றிப் பேசவேண்டிய இடத்தில் பாதத்தின் உஷ்ணத்தைப் பற்றிப் பேசுகிறவர்களை நான் விமர்சகர்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமா? ஜோசியர்கள் என்று சொல்லலாம் என்றால், ஜோசியன் நடக்கப்போவதையாவது சொல்கிறான். இவர்கள் நடந்து முடிந்ததைச் சொல்கிறார்கள்.

இத்தாலியன் தக்காளி எறிந்தான் என்றால் ஆங்கிலேயன் கிழங்கை எடுத்தான். 1992இல் ஸ்வீடனிடம் இங்கிலாந்து 1-2 என்று தோற்றபோது, ‘தி சன்’ பத்திரிகை பயிற்சியாளர் கிரஹாம் டெய்லரின் தலையை டர்னிப் கிழங்காகச் சித்தரித்து அச்சிட்டது. நாலாவது டிவிஷனில் கிடந்த வாட்ஃபோர்டை 1977இல் ஏற்றுக்கொண்டு, 1983இல் முதல் டிவிஷனில் இரண்டாவது இடத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். அது யார் நினைவிலும் இல்லை. கிழங்குதான் நின்றது. 2017 ஜனவரியில் அவர் இறந்தபோது ஆங்கிலப் பத்திரிகைகள் அவருடைய பண்பைப் பக்கம் பக்கமாகப் புகழ்ந்தன. இருபத்தைந்து வருஷம் ஒரு மனிதன் தலைக்குப் பதில் கிழங்கோடு நடமாடியதற்கு இந்த அஞ்சலிகள் ஈடாகுமா?

பணம் கொடுத்து ஆட்டம் பார்க்கிறவனுக்குத் திட்டவும் உரிமை உண்டு என்று ஒரு வாதம் இருக்கிறது. உண்டு. விளையாட்டில் முடிவுதானே எல்லாம் என்று இன்னொன்று. முடிவு முக்கியம்தான், ஆனால் அதைச் சொல்லப் பலகை இருக்கிறது, அதற்கு விமர்சகன் தேவையில்லை. தோற்றவர்களைத் தட்டிக்கொடுக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. விகோ நகரத்தில் ஆடிய அந்த மூன்று டிராக்களும் மோசமான ஆட்டங்களே. அப்படி எழுதியவன் தப்புச் செய்யவில்லை. ஆனால் ஜூலை 12ஆம் தேதியும் அவை மோசமான ஆட்டங்களே என்று எழுத அவனுக்குத் துணிவிருக்க வேண்டும். அல்லது, தான் பார்க்கத் தவறியது இன்னது என்று சொல்லும் நேர்மை இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் ஊர்வலத்தில் முன்னால் போய்க் கொடி பிடிக்கிறவனுக்கு அபிப்பிராயம் என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை.

இலக்கியத்தில் இருப்பவர்கள் அதிகம் சிரிக்க வேண்டாம். பத்து வருஷம் அட்டையைக்கூடத் தொடாத நாவலில், பரிசு அறிவிக்கப்பட்ட வாரத்தில் தரிசனத்தைக் கண்டுபிடிக்கிறவர்கள் நம்மிடையே உண்டு. அதே எழுத்தாளனின் அடுத்த புத்தகம் விலைபோகவில்லை என்றதும் ‘சரக்கு தீர்ந்துவிட்டது’ என்பவர்களும் அவர்களே. அவர்கள் கையிலும் இருப்பது தக்காளிதான்.

ஸோஃபின் கதை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. 2000த்தில் அவர் இத்தாலியின் பயிற்சியாளர். ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் வெற்றிக்குச் சில விநாடிகள் இருக்கும்போது பிரான்ஸ் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் ஒரே கோலில் ஜெயித்தது. ஏ.சி. மிலான் முதலாளியும் எதிர்க்கட்சித் தலைவருமான சில்வியோ பெர்லுஸ்கோனி, ஜிதானைத் தனியாக ஆள் வைத்துத் தடுக்காதது தகுதியற்ற செயல் என்று பகிரங்கமாக ஏசினார். ஸோஃப் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. சில நாட்களில் பதவியை விட்டு விலகினார். 1982இல் அவர் தேர்ந்துகொண்ட மௌனம்தான் இதுவும். இவ்வளவு சத்தத்துக்கு நடுவில் விமர்சனம் என்று மதிக்கத்தக்க ஒன்றை நான் அந்த மௌனத்தில்தான் பார்க்கிறேன்.