ஏரிக்குள் தெரியும் பச்சை



திருத்தணிப் பக்கம் அம்மையார்குப்பம் என்றால் பலருக்கும் தறிதான் நினைவுக்கு வரும். அந்த வட்டாரத்தின் ஏரிகளையும் கரடுகளையும் பற்றிக் கேட்டால், பெரியவர்கள் “அந்தக் காலத்துல…” என்று ஆரம்பிப்பார்கள். அந்தக் காலத்தைப் படமாகவே பார்க்க இன்று வழி இருக்கிறது: செயற்கைக்கோள் படங்கள்.

அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் 1972 ஜூலையில் பறந்தது. நம் நாட்டின் ஐஆர்எஸ்-1ஏ 1988 மார்ச் 17-இல். அதன் ஒரு கேமராவில் படத்தின் ஒரு புள்ளி நம் நிலக்கணக்கில் ஒன்றேகால் ஏக்கருக்கும் மேல். சின்னக் குட்டையெல்லாம் அதற்குள் காணாமல் போய்விடும். இப்போது ஐரோப்பாவின் சென்டினல்-2 தரும் புள்ளி சுமார் இரண்டரை சென்ட். லேண்ட்சாட்டின் பழைய படங்கள் 2008 முதல் இலவசம். படங்களைப் பார்க்க இஸ்ரோவின் ‘புவன்’ இணையதளமும் இருக்கிறது.

இந்தப் படங்களில் பசுமையைக் கண்டறிவது இப்படித்தான்: செழிப்பான இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டால் பசுமை எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்று தெரியும். தண்ணீரோ அகச்சிவப்பைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். அதனால் ஏரி கறுப்பாகத் தெரியும்.

கவனம் தேவைப்படுவது இங்கேதான். ஏரிக்குள் பச்சை பரவினால் மகிழ்ந்துவிடாதீர்கள். தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் சீமைக்கருவேலம் புகுந்திருக்கலாம், ஆகாயத்தாமரை மூடியிருக்கலாம். கணக்கில் பசுமை ஏறும், ஏரி செத்துக்கொண்டிருக்கும். அது என்ன பச்சை என்பதை அங்கே ஆடு மேய்ப்பவர் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். அவரைக் கேட்காமல் எழுதப்படும் ஆய்வை நான் நம்ப மாட்டேன்.

இன்னொன்று: ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும் ஏரி சித்திரையில் வற்றுவது இயல்பு. தை மாதப் படத்தைத் தை மாதப் படத்தோடுதான் ஒப்பிட வேண்டும், அதுவும் பல வருஷங்களுக்கு. மழைக்காலத்தில் மேகம் மறைக்கும் குறைக்கு ரேடார் இருக்கிறது. பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2025 ஜூலை 30-இல் சென்ற நிசார் என்ற ரேடார் செயற்கைக்கோள், மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். 12 நாளுக்கொரு முறை அதே இடத்துக்கு வரும்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் ஊர் ஏரியின் இருபது வருஷத்துத் தை மாதப் படங்களை எடுங்கள். வீட்டுத் தாத்தா பாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுங்கள். மதகு, கலங்கல், வரத்துக்கால்வாய் எங்கே என்று அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டு எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழ்களில் அதற்குப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்