கருகல் நெடியும் கவனிக்காத சட்டமும்

கோடை தொடங்கிவிட்டால் நாளிதழ்களில் தவறாமல் இடம்பெறும் செய்திகளில் ஒன்று, ஓடிக்கொண்டிருந்த கார் தீப்பற்றி எரிந்தது என்பது. புகையைக் கண்டதும் இறங்கியதால் ஓட்டுநர் உயிர் தப்பினார் என்றோ, கதவைத் திறக்க இயலாமல் உள்ளே சிக்கிக்கொண்டார் என்றோ அச்செய்தி முடியும். காரணம் என்ன என்ற கேள்விக்கு ‘மின்கசிவு’ என்ற ஒற்றைச் சொல்லே பெரும்பாலும் விடையாகிறது. அத்துடன் நாமும் அதை மறந்துவிடுகிறோம்.

ஆனால், பல வேளைகளில் தீக்கு முன் புகையும், புகைக்கு முன் நெடியும் வருகின்றன. அந்த நெடியைப் பிரித்தறியத் தெரிந்தால் பழுதின் இடத்தை ஏறத்தாழ ஊகித்துவிடலாம். கருகிய எண்ணெய் நெடி வீசினால், என்ஜினின் மேல்மூடியில் உள்ள கேஸ்கெட் இறுகிப்போய், கசியும் ஆயில் சூடான புகைபோக்கிக் குழாயின் மீது சொட்டுகிறது என்று பொருள் கொள்ளலாம். ஆயில் மாற்றும்போது சிந்தியதைத் துடைக்காமல் விட்டாலும் இதே நெடி வரும். அது ஓரிரு நாள்களில் மறைந்துவிடும். மறையாவிட்டால் கேஸ்கெட்டை மாற்றியாக வேண்டும். இனிப்பு கலந்த ஆவி நெடி, ரேடியேட்டரிலோ அதன் குழாயிலோ கூலன்ட் கசிவதைக் காட்டும். மலையேற்றத்தில் காகிதம் கருகுவது போன்ற நெடி கிளட்ச் தேய்வதையும், இறக்கத்தில் சக்கரத்தருகே எழும் நெடி பிரேக் மிகையாகச் சூடேறியதையும் உணர்த்தும்.

இவை எல்லாவற்றிலும் அபாயமானது பிளாஸ்டிக் உருகும் நெடி. அது வயரின் மேலுறை எரிகிறது என்பதற்கான அறிகுறி. காரின் மின்கலம் 12 வோல்ட்தானே என்று அலட்சியம் காட்டுவோர் உண்டு. குறுக்குச்சுற்று ஏற்பட்டால் அதே மின்கலத்திலிருந்து நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்து செம்புக் கம்பியைப் பழுக்கச் செய்துவிடும். கூடுதல் விளக்குக்காகவும் ஒலிபெருக்கிக்காகவும் மூல வயரை வெட்டி ஒட்டுப்போடுவது, ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று அதைவிடக் கூடுதல் திறனுள்ள ஃபியூஸைச் செருகுவது, எலி கடித்த வயரைக் கவனியாமல் விடுவது ஆகியவையே இதற்கு வழிவகுக்கின்றன. இந்த நெடியையோ பெட்ரோல் நெடியையோ உணர்ந்தால், வீடு போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணக் கூடாது. ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்து, அனைவரும் இறங்கி விலகி நிற்க வேண்டும். புகை வரும்போது பானெட்டை அகலத் திறப்பது தீக்குக் காற்றூட்டும் செயல்.

உரிமையாளரின் விழிப்பு இன்றியமையாததுதான். ஆனால், பொறுப்பு முழுவதையும் அவர் தலையில் சுமத்திவிட்டு அரசு விலகி நிற்கலாமா என்பதே என் கேள்வி.

நம் நாட்டில் சரக்கு லாரியும் வாடகைக் காரும் முதல் எட்டு ஆண்டுகள் வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். தனியார் காருக்கோ பதிவு முடியும் 15 ஆண்டுகள் வரை அத்தகைய சோதனை எதுவும் இல்லை. ஆண்டுதோறும் எடுக்கும் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று வெளியேறும் புகையை மட்டுமே அளக்கிறது. பானெட்டுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம், குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்தது. அதற்காக 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளோ ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கே பொருந்தும்.

ஆக, ஏழாம் ஆண்டுக்கும் பதினைந்தாம் ஆண்டுக்கும் இடையே ஒரு கார் யாருடைய கண்காணிப்பிலும் இல்லை. ரப்பர் குழாய்கள் வெடிப்பதும், கேஸ்கெட்டுகள் இறுகுவதும், வயர் உறைகள் உதிர்வதும் அந்த எட்டு ஆண்டுகளில்தான். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலால் சில பழைய வாகனங்களில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற நேரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் கூறியது. மாற்றப்பட்டனவா என்று பார்ப்பவர் யார்?

கூடுதல் சோதனை என்றால் கூடுதல் லஞ்சம் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால், பிரிட்டனில் மூன்றாண்டு கடந்த கார்களுக்கு ஆண்டுதோறும், ஜப்பானில் முதல் மூன்றாண்டுக்குப் பின் இரண்டாண்டுக்கு ஒருமுறை சோதனை கட்டாயமாக உள்ளது. நம்மிடமும் தானியங்கிச் சோதனை நிலையங்கள் உருவாகி வருகின்றன. ஏழாம் ஆண்டில் தொடங்கி இரண்டாண்டுக்கு ஒருமுறை, எரிபொருள் குழாய், ஆயில் கசிவு, வயரிங் ஆகிய மூன்றையேனும் அங்கு பார்க்கச் செய்யலாம். அத்துடன், தீயணைப்புத் துறை பதிவுசெய்யும் ஒவ்வொரு கார் தீவிபத்திலும் வாகனத்தின் மாதிரி, வயது, கண்டறிந்த காரணம் ஆகியவற்றை ‘வாகன்’ தரவுத்தளத்தில் சேர்க்க வேண்டும். எந்த மாதிரியில் எந்தப் பழுது திரும்பத் திரும்ப வருகிறது என்பது அப்போதுதான் புலப்படும்.

எரிந்த காருக்கு இழப்பீடு கிடைக்கக்கூடும். அதுவும் விரிவான காப்பீடு எடுத்தவருக்கு மட்டுமே. உள்ளே சிக்கியவரின் உயிருக்கு ஈடு எது? கருகல் நெடி வரும்போது வண்டியை நிறுத்துவது நம் கடமை. அந்த நெடி எழாமல் தடுக்கும் சோதனையை ஏற்படுத்துவது அரசின் கடமை.