ஜலமே அரங்கமாகட்டும்

நின்டெண்டோ நிறுவனம் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலே’ என்னும் சண்டைக் காணொளி விளையாட்டின் ‘ஜங்கிள் ஜேப்ஸ்’ அரங்கில், பலகைத் தளங்களுக்குக் கீழே பாயும் ஆறு, கால் தவறி விழுந்த வீரனைக் கணப்பொழுதில் அடித்துச் சென்றுவிடுகிறது. அங்கே எதிரியின் பலத்தைவிட ஜலத்தின் வேகமே பயங்கரமானது. நீருக்குரிய அந்த மரியாதையை வரதராஜன்பேட்டைச் சிறுவன் அந்நியக் கானகத்தில் மட்டும் கற்பது போதுமா? அவனுடைய அரியலூர் மாவட்டத்திலேயே, கங்கை வெற்றியின் ஞாபகமாக முதலாம் இராஜேந்திர சோழன் வெட்டுவித்ததும், திருவாலங்காட்டுச் செப்பேடுகள் ஜலமயமான ஜயஸ்தம்பமாக வர்ணிப்பதுமான சோழகங்கம் என்னும் ஏரி, இன்று பொன்னேரி என்னும் பெயரோடு இருக்கிறது. கல்லாலன்றி நீரால் வெற்றித்தூண் நாட்டிய அந்தச் சரித்திரத்தைவிட உன்னதமான அரங்கம் வேறேது? தமிழ்நாட்டு விளையாட்டுக் கலைஞர்கள் அதனைத் திரையில் அமைக்க வேண்டும்; கரையும் மதகும் அலையும் அறிந்து விளையாடும் பிள்ளைகள், நாளை அந்த ஏரியையும் காப்பார்கள்.