பராமரிப்பாளர் பயிற்சி: பதிவேடு எங்கே?

ஓராண்டில் ஒன்றரை லட்சம் பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சி தரப்படும் என்று 2026 பிப்ரவரி 1 அன்று தாக்கலான மத்திய நிதிநிலை அறிக்கை அறிவித்தது. முதியோர் பராமரிப்போடு யோகாவும் மருத்துவக் கருவிகளைக் கையாள்வதும் சேர்த்துச் சொல்லித்தரப்படுமாம். எந்த மருத்துவமனைக் கட்டிலருகே நின்று கற்பார்கள், தேர்வு வைப்பது யார், தேறியவர்களின் பெயர்கள் எங்கே இருக்கும் என்பதற்கெல்லாம் அந்த உரையில் ஒரு வரி இல்லை. தலையை எண்ணிக் கணக்குக் காட்டும் இந்தப் போக்குதான் சென்னையின் மேற்குப் புறநகரில் ஏழைப் பெண்களின் பணத்தை ஏற்கெனவே கரைத்துக்கொண்டிருக்கிறது.

அம்பத்தூர் ஓ.டி., திருமுல்லைவாயல், ஆவடி, குமணன்சாவடி என்று எந்த நிறுத்தத்தில் இறங்கினாலும் அந்த நோட்டீஸ் கண்ணில் படும். ‘நர்சிங் அசிஸ்டென்ட் டிப்ளமோ, பத்தாவது பாஸ் அல்லது ஃபெயில், நூறு சதவீத வேலை, மத்திய அரசு அங்கீகாரம்.’ தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் ஒப்பந்த வேலை பார்க்கும் தகப்பன் வட்டிக்கு வாங்கித்தான் கட்டணம் கட்டுகிறார். அந்த ‘அங்கீகாரம்’ என்ற சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் அடைக்கலாம். திறன் மேம்பாட்டுத் துறையின் ‘ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்’ சான்றிதழாக இருக்கலாம். சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவான ஓர் அமைப்பு அச்சடித்த தாளாகவும் இருக்கலாம். தமிழ்நாடு செவிலியர் கவுன்சில் பதிவது ஏஎன்எம், ஜிஎன்எம், பி.எஸ்சி. ஆகிய செவிலியப் படிப்புகளை முடித்தவர்களைத்தான். உதவியாளருக்கு அங்கே இடமில்லை. ஓராண்டு படித்துவிட்டு ஜிஎன்எம் இரண்டாம் ஆண்டில் நுழையலாம் என்று நம்பிச் சேரும் பெண், பிளஸ் டூவில் 40 சதவீத மதிப்பெண்ணோடு முதலாண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதைக் கடைசியில்தான் தெரிந்துகொள்கிறாள்.

அப்படியொரு மையத்தின் வகுப்பறையைப் பார்த்தேன். செல்போன் கடைக்கு மேல் மாடி. இருபது நாற்காலி, ஒரு பொம்மை, ஒரு கட்டில். கட்டிலைச் சுவரோரமாக ஒட்டிப் போட்டிருந்தார்கள். உதவியாளர் கற்க வேண்டிய முதல் வேலையே நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பதுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும். கனத்த உடம்பைப் புரட்ட இரண்டு பேர் வேண்டும். கட்டிலின் இரு பக்கமும் ஆள் நிற்க வேண்டும். அந்தக் கட்டிலில் அதற்கு வழியே இல்லை. மாணவிகளின் நோட்டில் மட்டும் எலும்புகளின் பெயர்கள் அழகான கையெழுத்தில் இருந்தன. மூக்குக் குழாய் வழியே உணவு கொடுக்கும்போது நோயாளியின் தலைமாட்டை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பிள்ளைகள்மேல் தப்பே இல்லை.

அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே முதியோர் இல்லங்களில் நடந்த அலங்கோலங்கள் வெளிவந்த பிறகு 1987-இல் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று வந்தது. செவிலிய உதவியாளருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி, அவ்வளவுதான். கலிபோர்னியா அதை 160 மணியாக உயர்த்தியிருக்கிறது. நம் மாடி வகுப்புகள் ஓராண்டு, ஈராண்டு என்கின்றன. ஆனால் அந்த 75 மணியைச் சுற்றி அவர்கள் கட்டியிருக்கும் வேலி நம்மிடம் இல்லை. நோயாளியைத் தொடுவதற்கு முன்பே தொற்றுத் தடுப்பு, பாதுகாப்பு, நோயாளியின் உரிமை ஆகியவற்றில் 16 மணி நேரம் படித்திருக்க வேண்டும். செவிலியர் பக்கத்தில் நின்று பார்க்க, செய்முறைப் பயிற்சி இன்னொரு 16 மணி. பிறகு செய்முறையோடு கூடிய திறன் தேர்வு. தேறியவர் பெயர் மாநிலப் பதிவேட்டில் ஏறும். நோயாளியைத் துன்புறுத்தியது உறுதியானால் அதுவும் அதே பதிவேட்டில் ஏறும். அதைப் பார்க்காமல் எந்த முதியோர் இல்லமும் ஆள் எடுக்க முடியாது. வேலைக்கு எடுத்துக்கொண்ட பெண்ணிடம் பயிற்சிக் கட்டணம் வாங்கவும் முடியாது. இங்கே நடப்பது இதற்கு நேர் எதிர்.

அந்தச் செய்முறைப் பயிற்சியின் 16 மணியை மட்டும் நம் ஒன்றரை லட்சத்தோடு பெருக்கிப் பாருங்கள். 24 லட்சம் மணி நேரம். ஒரு செவிலியர் பத்துப் பேரை ஒன்றாகக் கவனித்தாலும், எட்டு மணி ஷிப்டுகளாக 30,000 ஷிப்டுகள் வேண்டும். அதுவும் அமெரிக்கா வைத்த அடிமட்ட அளவுக்கே. ஆண்டுக்கு 300 வேலை நாள் என்று வைத்தால் நாளொன்றுக்கு 500 பேர் தேற வேண்டும். இத்தனை ஷிப்டுகளுக்குச் செவிலியரை வார்டிலிருந்து யார் விடுவிப்பார்கள்? இந்தக் கணக்குக்கு விடை இல்லாத திட்டம் சான்றிதழ் அச்சடிக்கும் வேலையாகத்தான் முடியும்.

முன்னுதாரணமும் இருக்கிறது. 2021 ஜூன் 18 அன்று கோவிட் முன்களப் பணியாளருக்கான விரைவுப் பயிற்சி தொடங்கியது. 26 மாநிலங்கள், 111 மையங்கள், ஆறு வகைப் பணிகள், இலக்கு ஒரு லட்சம் பேர். அவர்களில் இன்றும் நோயாளியருகே நிற்பவர் எத்தனை பேர் என்று ஆவடியில் ஆள் தேடும் ஒரு குடும்பம் எங்கே போய்ப் பார்க்கும்? ஒன்றரை லட்சத்தை அறிவிக்கும் முன் இந்த ஒரு லட்சத்துக்குக் கணக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

சான்றிதழில்தான் கியூஆர் கோடு இருக்கிறதே என்பார்கள் திறன் துறைக்காரர்கள். தாள் அசல் என்பதை அது சொல்லும். கை பழகியதா என்று சொல்லாது. மருத்துவமனைகள் உள்ளே விடுவதில்லை என்பது மையம் நடத்துபவர்களின் புலம்பல். தண்டலத்திலும் வேலப்பன்சாவடியிலும் பூந்தமல்லியிலும் மருத்துவக் கல்லூரிகள் நிற்கின்றன. 2022-இல் திருவள்ளூருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. படுக்கைக்குப் பஞ்சம் என்பதை நம்ப முடியாது. கெடுபிடி செய்தால் ஏழைப் பெண்ணுக்கு இருக்கும் வழியும் அடையும் என்கிறவர்கள், அவள் கட்டிய பணத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் பிறகு வரட்டும்.

பராமரிப்பாளர் தேவை பொய்யில்லை. தமிழ்நாட்டில் அறுபது வயது கடந்தவர்கள் 2021-இல் 13.6 சதவீதம் என்றும், 2031-இல் 18.2 சதவீதம் ஆவார்கள் என்றும் மதிப்பீடு சொல்கிறது. வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் புறநகரெங்கும் முளைப்பது இதனால்தான்.

பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் முதலில் அரசு மருத்துவக் கல்லூரிகளின் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்புகளை விசாரியுங்கள். பல்நோக்கு மருத்துவமனைப் பணியாளர் படிப்பு அவற்றில் ஒன்று. பிளஸ் ஒன் சேரும் பிள்ளையென்றால், தொழிற்கல்விப் பிரிவில் செவிலியம் உள்ள பள்ளி பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். தனியார் மையம்தான் என்றால், பயிற்சி தரும் மருத்துவமனையின் பெயரும் ஒப்பந்தக் கடிதமும் கேளுங்கள். எத்தனை நாள், எந்த ஷிப்ட், கையெழுத்துப் போடும் செவிலியர் யார் என்று கேளுங்கள். முன்பு படித்த நான்கு பேரின் போன் நம்பர் வாங்கி நீங்களே பேசுங்கள். அசல் மதிப்பெண் சான்றிதழை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அதைப் பிடித்து வைத்துக்கொண்டால் பாதியில் விலகவும் முடியாது.

ஆனால் மோசடியைக் கண்டுபிடிக்கும் பாரத்தைக் கூலி வீட்டுப் பெற்றோர் தலையில் ஏற்றிவிட்டு அரசு ஒதுங்கக் கூடாது. செவிலியரையும் மருத்துவச்சிகளையும் பதிவுசெய்யச் சென்னை மாகாணம் 1926-இல் சட்டம் இயற்றியது. இப்போது 2023-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி மாநிலச் செவிலிய ஆணையம் அமைய வேண்டியிருக்கிறது. அதில் உதவியாளருக்கென்று தமிழில் தேடிப் பார்க்கக்கூடிய தனிப் பதிவேடும், மையத்துக்கு வெளியிலிருந்து வரும் செவிலியர் நடத்தும் செய்முறைத் தேர்வும் இடம்பெற வேண்டும். அதுவரை அம்பத்தூர் முதல் பூந்தமல்லி வரை புதிய மையம் ஒன்றுக்கும் அனுமதி கூடாது. மருத்துவமனை ஒப்பந்தத்தைக் காட்ட முடியாத பழைய மையங்களை அடுத்த ஜூன் சேர்க்கைக்கு முன் மூடி, இப்போது படிப்பவர்களின் கட்டணத்தை உரிமையாளர்களிடமிருந்து மாவட்ட ஆட்சியர் வசூலித்துத் திருப்பித் தர வேண்டும்.