தண்டனை ஓடியவருக்கு மட்டும்தானா?



ஊக்கமருந்துக் கணக்கில் இந்தியா மறுபடியும் முதல் வரிசையில் என்ற செய்தியே வயிற்றெரிச்சல். அதற்கு அதிகாரிகள் சொல்லும் சமாதானம் அதைவிட எரிச்சல்: சோதனைகளைக் கூட்டியதால்தான் இத்தனை பேர் சிக்குகிறார்களாம். வெறும் சால்ஜாப்பு. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான ‘வாடா’வின் 2023 கணக்குப்படி இந்தியா சோதித்த மாதிரிகள் 5,606, சிக்கியவை 213. ஜெர்மனி 15,153 மாதிரிகளைச் சோதித்தது, சிக்கியவை 57.

சிக்கிய பிறகு என்ன நடக்கிறது? திருச்சி முடிகண்டத்துக் கோமதி மாரிமுத்துவைக் கேட்டால் தெரியும். 2019 ஏப்ரலில் தோஹாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் தங்கம் வென்றார். கட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு பரிசு கொடுத்தன. அடுத்த மாதமே, அவரது மாதிரியில் நாண்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்து இருந்த விவகாரம் வெடித்தது. தெரிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்று அவர் சொன்னது எடுபடவில்லை. பதக்கம் பறிபோனது, நான்காண்டுத் தடை விழுந்தது.

கொதிக்க வைப்பது இனிமேல்தான். தோஹாவுக்கு முந்தைய மாதமே பாட்டியாலா ஃபெடரேஷன் கோப்பையில் எடுத்த மாதிரியிலும் அதே மருந்து இருந்தது. அந்த முடிவு நேரத்துக்கு வந்திருந்தால் அவர் விமானமே ஏறியிருக்க மாட்டார். கிராமத்துப் பெண் ஒருவரைத் தலைமேல் தூக்கி வைத்து, அதே வேகத்தில் கீழே போட்டது அந்தத் தாமதம். அதற்காக எந்த அதிகாரிக்கு என்ன தண்டனை என்று ஊருக்கு யாரும் சொல்லவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், ஊக்கமருந்துச் சோதனை செய்யும் டெல்லி ஆய்வகத்தின் அங்கீகாரத்தையே ‘வாடா’ நிறுத்தி வைத்தது. அது திரும்பக் கிடைத்தது 2021 டிசம்பரில்.

உடம்பில் இருப்பதற்கு வீரரே பொறுப்பு என்கிறார்கள். விதி அப்படித்தான், இருக்கட்டும். ஒரே பயிற்சியாளரிடம் ஒருவருக்கு மேற்பட்டோர் சிக்கினால் அவரையும் கட்டாயம் விசாரிக்க வேண்டும் என்பதும் அதே விதிதானே! 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டியில், கழிப்பறையில் பயன்படுத்திய ஊசிகள் சிதறிக் கிடந்தன. தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான ‘நாடா’வின் அதிகாரிகள் வந்ததும் வீரர்கள் கலைந்து ஓடினார்கள். ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டியில் ஓடியவர் ஒரே ஒருவர். அத்தனை ஊசிகளும் அந்தப் பிள்ளைகளின் கைக்கு எந்தக் கடையிலிருந்து, யார் மூலம் வந்தன?

தடைப் பட்டியலில் வீரரின் பெயரோடு, மாதிரி எடுத்த தேதி, முடிவு வந்த தேதி, பயிற்சியாளர் மீதான விசாரணையின் நிலை மூன்றையும் ‘நாடா’ வெளியிட வேண்டும். பாட்டியாலா மாதிரியிலிருந்தே தொடங்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி